கொண்டு வந்து விடுவதும் கொண்டு போய் விடுவதும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி இப்போது சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அங்கே 25, 30 பூனைகள் சேர்ந்துவிட்டனவாம். எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்வது என்று சங்கத்தில் ஒருமனதாக முடிவாகிவிட்டது. பணமும் வசூலாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சண்டை. ஆபரேஷன் முடிந்த பூனைகளை எங்கே விடுவது? "திரும்ப இங்கேயே கொண்டு வந்து விடுவதற்கா இவ்வளவு செலவு? அப்படியே வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிடலாம்" என்று ஒரு கட்சி. "எடுத்த இடத்திலேயே விடுங்கள்" என்று இன்னொரு கட்சி. "சார், நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை, வரலாற்று வாத்தியார். ஆனால் இந்தச் சண்டைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. லண்டன், ரோம், அமெரிக்கத் துறைமுக ஊர்கள் என்று பல இடங்களில் இதே வாக்குவாதம் நடந்து, இரண்டு வழியையும் செய்து பார்த்து, என்ன ஆனது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுக்கே புரியும்.

முதலில் பூனை நம்மிடம் எப்படி வந்தது என்று பார்ப்போம். நாயை மனிதன் பழக்கினான். மாட்டை மனிதன் கட்டிப் போட்டான். பூனையோ தானாக வந்து சேர்ந்தது. மேற்கு ஆசியாவில் மனிதன் பயிர் செய்து தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனித எலும்புக்கூட்டுக்கு அருகிலேயே ஒரு பூனையையும் புதைத்திருப்பதைக் கண்டுபிடித்து 2004ல் வெளியிட்டார்கள். அந்தத் தீவில் பூனை இயற்கையாக இருந்த பிராணி இல்லை. யாரோ படகில் ஏற்றிக் கொண்டு போயிருக்க வேண்டும். அன்றிலிருந்து தானியக் களஞ்சியம், கப்பல், கிட்டங்கி, மீன் துறை என்று மனிதன் போன இடமெல்லாம் பூனையும் போனது.

பூனைக்கு அரசாங்கச் சம்பளம் கொடுத்த கதைகூட உண்டு. 1868ல் லண்டன் தபால் துறையின் மணியார்டர் அலுவலகத்தில் எலித் தொல்லை. மூன்று பூனைகளின் சாப்பாட்டுச் செலவுக்காக வாரம் ஒரு ஷில்லிங் ஒதுக்கி உத்தரவு போட்டார்கள். எலி குறையாவிட்டால் அந்தப் படியும் குறையும் என்று நிபந்தனை வேறு!

நம் வேலூரிலும் ஒரு கதை இருக்கிறது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பெயர் பெற்றவர். அவருக்கு ஒரு புதிர். குணமான நோயாளிகள் சிலருக்குக் காலையில் எழுந்து பார்த்தால் விரலில் ஒரு துண்டு இருக்காது. இரவில் விழித்திருந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எலி கடித்துக்கொண்டிருந்தது. உணர்ச்சி இல்லாத விரல் என்பதால் தூங்குகிறவருக்கு வலி தெரியவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகள் கையோடு ஒரு பூனையையும் கொண்டு போகும் வழக்கம் வந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். பூனை ஓர் இடத்தில் இருப்பதற்குக் காரணம் இருக்கும் என்பதற்காக இதைச் சொன்னேன். அந்தக் காரணம் இரையாக இருக்கலாம், குப்பைத் தொட்டியாக இருக்கலாம், மீன் கழுவுகிற தண்ணீராக இருக்கலாம். காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு பூனையை மட்டும் அப்புறப்படுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வரலாற்றின் மையம்.

இங்கே ஒரு பாகுபாடு தெரிந்துகொள்ள வேண்டும். காட்டுப்பூனை வேறு இனம். சங்க இலக்கியத்தில் 'வெருகு' என்று வருவது அதுதான். நம் தெருவில் திரிவது வீட்டுப் பூனை இனம். ஆனால் மனிதக் கை படாமல் வளர்ந்தது. பூனைக்குட்டிக்கு மனிதனோடு பழக ஏற்ற பருவம் பிறந்த 2வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 7வது வாரம் வரை. அந்த நாட்களில் மனிதர் தூக்கிக் கொஞ்சினால் மடியில் வந்து படுக்கும் பூனையாகும். அந்தப் பருவம் மனித வாசனையே இல்லாமல் கடந்துவிட்டால், பிறகு பெரும்பாலும் பழகாது. அதைப் பிடித்து வீட்டுக்குள் அடைத்தால் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடக்கும். "யாராவது தத்து எடுத்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சு குட்டிகளுக்கும் பழகிய பூனைகளுக்கும் பொருந்தும். இவற்றுக்குப் பொருந்தாது. அப்படியானால் இவற்றை என்ன செய்வது?

பழைய காலத்தில் பதில் சுலபமாக இருந்தது. கொல்வது, அல்லது பிடித்துக் கொண்டு போய்க் கண்காணாத இடத்தில் விடுவது. இங்கிலாந்தில் 1950களில் ரூத் பிளான்ட் என்ற பெண்மணிதான் மூன்றாவது வழியை எடுத்துச் சென்ற முன்னோடிகளில் ஒருவர். பிடி, கருத்தடை செய், எடுத்த இடத்திலேயே திரும்ப விடு. 1960களில் புகழ்பெற்ற மாடலாக இருந்த சீலியா ஹாமண்ட் இந்த வேலையில் இறங்கினார். பாழடைந்த கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் போய்ப் பூனை பிடித்தார். பத்திரிகை அட்டைப் படத்தில் வந்தவர் கையில் கூண்டோடு நிற்பதைப் பார்த்துப் பலருக்கும் வியப்பு.

அன்று இது லேசான வேலை இல்லை. சீறுகிற பூனைக்கு எப்படி ஊசி போடுவது? அதற்கென்று ஒரு கூண்டு வந்தது. அதன் ஒரு பக்கத் தடுப்பை மெல்ல உள்ளே தள்ளினால் பூனை ஓரத்தில் ஒதுங்கி அசையாமல் நிற்கும். கம்பி இடுக்கு வழியாகவே மயக்க ஊசி போட்டுவிடலாம். கையால் தொட வேண்டியதே இல்லை.

அடுத்த சிக்கல், எந்தப் பூனைக்கு ஆபரேஷன் ஆனது, எதற்கு ஆகவில்லை என்று தெரியவேண்டும். எல்லாம் கறுப்பும் சாம்பலுமாக ஒரே மாதிரி இருக்கும். கழுத்தில் பட்டை கட்டினால் எங்காவது மாட்டித் தூக்குப் போட்டுக்கொள்ளும். டென்மார்க்கில் 1970களில் ஒரு வழி கண்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை ஏறக்குறைய 1 செ.மீ. அளவுக்கு நேராக வெட்டிவிடுவது. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். அந்தப் பூனையை மறுபடி பிடிக்கவேண்டாம், மறுபடி மயக்கம் கொடுக்கவேண்டாம், மறுபடி வயிற்றைத் திறக்கவேண்டாம். இன்று பல நாடுகளிலும், நம் ஊரிலும், பெரும்பாலும் இடது காதில் இந்த அடையாளத்தைப் பார்க்கலாம். காது நறுக்கின பூனையைப் பார்த்து "ஐயோ, எந்தப் பாவி வெட்டினான்" என்று இனிமேல் யாரும் திட்டாதீர்கள். அது அந்தப் பூனையின் பாதுகாப்புச் சீட்டு.

இதே காலத்தில்தான் தெருப் பூனைகளின் வாழ்க்கையை அறிவியலாளர்கள் உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். ஜேன் டார்ட்ஸ் என்பவர் போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்துப் பூனைகளை ஆராய்ந்தார். பெண் பூனைகள் சின்னச் சின்ன எல்லைக்குள் குழுவாக வாழ்வதும், கடுவன்கள் அதைவிடப் பல மடங்கு பரப்பில் சுற்றுவதும் அதில் தெரிந்தன. தெருவில் நாம் கும்பலாகப் பார்ப்பது பெரும்பாலும் அம்மா, மகள், சித்தி, பாட்டி என்று ஒரு பெண்வழிக் குடும்பம். குட்டிகளைச் சேர்ந்தே வளர்க்கும். எங்கே சாப்பாடு, எங்கே மறைவிடம், எந்த நாய் எந்த நேரத்தில் வரும் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்துக்கு மனப்பாடம்.

லண்டன் பூனைகளைப் பல ஆண்டு கவனித்த ரோஜர் டேபர் 1983ல் எழுதிய நூலில் இன்னொரு விஷயத்தை விளக்கினார். ஓர் இடத்திலிருந்து பூனைகளை மொத்தமாக அகற்றினால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை. சாப்பாடும் மறைவிடமும் இருப்பதால் சுற்றுவட்டாரத்துப் பூனைகள் உள்ளே வந்துவிடும். வருகிறவை கருத்தடை ஆகாதவை. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 9 வாரம்தான். குட்டி 5, 6 மாதத்தில் தானே தாயாகிவிடும். ஒன்றிரண்டு வருடத்தில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். திரும்ப விட்ட பூனைகளோ அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, புதிதாக வருபவற்றுக்கு இடம் எளிதில் கிடைக்காமல் செய்கின்றன. குட்டியும் போடுவதில்லை.

1980ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் இதற்காகவே ஒரு கருத்தரங்கு நடந்தது. மனமிரங்கிய நாலு பேரின் வேலை என்றிருந்தது, அப்போதிலிருந்து ஆய்வாளர்களும் மருத்துவர்களும் பேசும் விஷயமானது.

நம் சென்னைக்கும் இதில் பெருமைப்பட இடம் உண்டு. ஆனால் அது நாய் விஷயத்தில். விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, 1964லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து எடுத்த இடத்தில் விடும் வேலையைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. வருடக்கணக்காகக் கொன்றும் நாய் குறையவில்லை. 1996ல்தான் மாநகராட்சி கொல்வதை விட்டுக் கருத்தடை வழிக்கு மாறத் தொடங்கியது. 2001ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள், பிடித்த பகுதியிலேயே திரும்ப விடவேண்டும் என்று எழுதிவைத்தன. 2025ல் உச்ச நீதிமன்றத்தில் தெருநாய்களைப் பற்றி நடந்த விவாதமும் 'எங்கே விடுவது' என்ற இதே கேள்வியைச் சுற்றித்தான் வந்தது.

இப்போது இரண்டு ஊர்க் கதைகள். ஒன்று அமெரிக்காவில், ஒன்று இத்தாலியில். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெரிமாக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நியூபரிபோர்ட் என்ற சிறிய துறைமுக ஊர். 1992ல் அதன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 300 பூனைகள். கரையெல்லாம் உணவகங்கள், கடைகள், சுற்றுலாப் பயணிகள். வியாபாரிகளுக்குத் தலைவலி. அந்த ஊர்க்காரர்கள் சிலர் மெரிமாக் நதிப் பூனை மீட்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிப் பூனைகளைப் பிடித்தார்கள். பழகக்கூடியவையும் குட்டிகளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவற்றை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்தார்கள். மீதியைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள். சாப்பாடு வைக்கக் கரையோரம் இடங்கள் ஒதுக்கினார்கள். ஆள் போட்டுத் தினமும் கவனித்தார்கள். புதிதாக எந்தப் பூனை வந்தாலும் உடனே தெரிந்துவிடும், அதையும் பிடித்துக் கருத்தடை செய்துவிடுவார்கள்.

எண்ணிக்கை ஒரே வருடத்தில் மாயமாகக் குறைந்துவிடவில்லை. பூனைகள் தத்தம் ஆயுளை வாழ்ந்து வயதாகி ஒவ்வொன்றாகப் போயின. ஸோரோ என்று பெயரிட்டிருந்த கடைசிப் பூனை 2009ல் 16 வயதில் இறந்தது. 17 வருடம். எதையும் கொல்லாமல், எதையும் கண்காணாத இடத்துக்கு ஓட்டாமல், 300 என்பது பூஜ்யமானது.

இதை வாசித்துவிட்டு "அடேயப்பா, இவ்வளவு சுலபமா" என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் ரோம்.

ரோம் நகரில் பூனைகளுக்குத் தனி மரியாதை. ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட இடத்தை நான் வகுப்பில் எத்தனை முறை படம் போட்டு நடத்தியிருப்பேன்! அந்த இடிபாடுகள் இருக்கும் லார்கோ அர்ஜென்டினா சதுக்கத்தில் இப்போது பூனைகள்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்குச் சோறு வைக்கும் பெண்களுக்கு 'கத்தாரே' என்றே அந்த ஊரில் பெயர். 1991ல் இத்தாலி நாடாளுமன்றம் 281ம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. சுதந்திரமாக வாழும் பூனைகளைத் துன்புறுத்தக் கூடாது. பொதுச் சுகாதாரத் துறை அவற்றுக்குக் கருத்தடை செய்து அவற்றின் கூட்டத்திலேயே திரும்பச் சேர்க்கவேண்டும். தீராத நோய் இருந்தாலொழியக் கொல்லக் கூடாது. 'இடத்தில் விடு' என்று நிறுத்தாமல் 'கூட்டத்தில் சேர்' என்று அந்தச் சட்டம் சொல்வதைக் கவனியுங்கள். போர்ட்ஸ்மத்தில் பார்த்தோமே, பாட்டியும் சித்தியும், அதே உண்மைதான் இங்கே சட்டமானது.

அடுத்த 10 வருடத்தில் ரோமில் ஏறத்தாழ 8,000 பூனைகளுக்குக் கருத்தடை செய்து விட்டார்கள். பிறகு எவுஜேனியா நத்தோலி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 103 கூட்டங்களின் கணக்கை எடுத்து 2006ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் எண்ணிக்கை குறைந்துதான் இருந்தது. ஆனால் நியூபரிபோர்ட் மாதிரி இல்லை. ஏன்? கூட்டங்களில் 21 சதவீத அளவுக்குப் புதிய பூனைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. சில தாமாக வந்தவை. மற்றவை வீடுகளிலிருந்து கொண்டு வந்து விடப்பட்டவை. "அங்கேதான் சோறு போடுகிறார்களே, நம் வீட்டுக் குட்டிகளையும் அங்கே விட்டுவிடலாம்" என்று ஜனங்கள் இரவோடு இரவாக விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டுப் பூனை வளர்க்கிறவர்களுக்குப் புத்தி சொல்லாமல் தெருவில் மட்டும் இந்த வேலையைச் செய்வது பணத்துக்கும் நேரத்துக்கும் உழைப்புக்கும் கேடு என்று அந்த ஆய்வு முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது.

ஆக, ஒரே 'விடுதல்' என்ற சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர்க் காரியங்கள் இருக்கின்றன. கருத்தடை செய்து சொந்தக் கூட்டத்தில் கொண்டு வந்து விடுவது ஒன்று. வேண்டாத பூனையைக் கண்காணாத இடத்தில் கொண்டு போய் விடுவது மற்றொன்று. நியூபரிபோர்ட்டை ஜெயிக்க வைத்தது முதலாவது. ரோமை இழுத்துப் பிடித்தது இரண்டாவது.

இரண்டாவது வழக்கம் நமக்குப் புதிதா என்ன? என் சின்ன வயதில் எங்கள் அத்தை ஊரில் பூனை உறியில் வாய் வைத்துவிட்டால், சாக்கில் போட்டுக் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டு வரச் சொல்வார்கள். சில பூனை விட்டவனுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். ஊரே சிரிக்கும். வராத பூனை என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. தெரியாத ஊரில் தண்ணீர் எங்கே என்று தெரியாது, நாய் எங்கே என்று தெரியாது, அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் அடித்துத் துரத்தும். சில பூனை சொந்த இடத்தைத் தேடி நெடுஞ்சாலையில் நடக்கும். அதுவும் வயிற்றில் புதுத் தையலோடு விட்டால்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேட்போமே, இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது நாம்தான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வரலாற்று வாத்தியார் இல்லை. திரும்ப விடுதல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவுக்குச் சொந்தமான மேரியன் தீவில் 1949ல் வானிலை நிலையத்துச் சுண்டெலிகளைப் பிடிக்க 5 பூனைகளைக் கொண்டு போனார்கள். 1977ல் அவை சுமார் 3,400 ஆகிவிட்டன. வருடத்துக்கு லட்சக்கணக்கான கடற்பறவைகளைத் தின்றுகொண்டிருந்தன. தரையில் வளை தோண்டிக் கூடு கட்டும் அந்தப் பறவைகளுக்குப் பூனை என்றால் என்னவென்றே தெரியாது. கடைசியில் நோய்க்கிருமி, துப்பாக்கி, பொறி என்று எல்லாம் பயன்படுத்தி 1991ல்தான் தீவிலிருந்து பூனைகளை ஒழித்தார்கள். அமெரிக்காவில் பூனைகள் வருடத்துக்கு நூறு கோடிக்கும் மேல் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013ல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அபூர்வப் பறவைகள் முட்டையிடும் தீவிலோ சரணாலயத்தின் ஓரத்திலோ பூனையைத் திரும்ப விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். "ஊருக்கு வெளியே விட்டுவிடலாம்" என்கிற கட்சிக்காரர்கள் இதையும் யோசிக்கவேண்டும். ஊருக்கு வெளியே என்றால் பெரும்பாலும் ஏரியும் காடும்தான். பறவைகள் இருப்பதும் அங்கேதான்.

சரி, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வருவோம். பாதுகாப்பாக விடுவது எப்படி? இவை பல ஊர்களில் பல வருடம் செய்தவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

பிடிக்கும்போதே எந்தப் பூனையை எந்த இடத்தில் பிடித்தோம் என்று சீட்டு எழுதிக் கூண்டில் கட்டிவிடவேண்டும். ஏ பிளாக் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் பிடித்தால் அங்கேயேதான் விடவேண்டும். குத்துமதிப்பாகக் கேட்டுக்குப் பக்கத்தில் விடக் கூடாது.

ஆபரேஷன் முடிந்த உடனே விடக் கூடாது. மயக்கம் தெளியாத பூனை தள்ளாடித் தள்ளாடி வண்டியின் அடியில் போய்விடும். மயக்கத்தில் உடம்பு சூடும் குறையும். கூண்டுக்குக் கீழே காகிதமோ பழைய துணியோ போட்டு, மேலே துணியால் மூடி, காற்றோட்டமான அமைதியான அறையில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைக்காதீர்கள். இருட்டாக இருந்தால் பூனை அடங்கிக் கிடக்கும். பிள்ளைகளை அழைத்து வந்து வேடிக்கை காட்டாதீர்கள். விரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டாம்.

கடுவனுக்குக் காயம் சிறியது, சீக்கிரம் ஆறும். பொதுவாக ஒரு நாள் வைத்திருந்து விடுவார்கள். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து செய்வதால் கூடுதல் நாள் தேவை. எத்தனை நாள் என்பதை ஆபரேஷன் செய்த மருத்துவர்தான் சொல்லவேண்டும். தானாகக் கரையும் தையல் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தையல் பிரிப்பதற்கென்று அந்தப் பூனையை மறுபடி பிடிக்க முடியாது. விடுவதற்கு முன் நன்றாக விழித்திருக்கிறதா, சாப்பிடுகிறதா, ரத்தக் கசிவோ வீக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் விடாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அதே மயக்கத்திலேயே போட்டுவிடலாம்.

பால் கொடுக்கிற தாய்ப் பூனை என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கோ ஓர் ஏசி மெஷினுக்குப் பின்னால் குட்டிகள் பசியோடு காத்திருக்கும். கருத்தடையால் பால் வற்றிவிடாது. மருத்துவர் சரி என்றதும் தாமதிக்காமல் கொண்டு வந்து விடவேண்டும்.

விடுகிற நேரம் வாகன நடமாட்டம் குறைந்த விடியற்காலையாக இருக்கட்டும். கூண்டின் வாசல் சாலையைப் பார்த்து இருக்கக் கூடாது. செடி, சுவர் மாதிரி மறைவிடத்தைப் பார்த்து இருக்கவேண்டும். கதவைத் திறந்துவிட்டுப் பின்னால் வந்து நின்றுகொள்ளுங்கள். சில பூனை அம்பு மாதிரி பாயும். சில பூனை பத்து நிமிடம் யோசிக்கும். கூண்டைத் தட்டவோ கவிழ்க்கவோ வேண்டாம். வழக்கமான இடத்தில் சோறும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். ஒன்றிரண்டு நாள் கண்ணில் படாவிட்டாலும் பயப்படாதீர்கள். ஆபரேஷன் ஆனதால் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, திரும்ப வரும்.

கட்டடத்தையே இடிக்கப் போகிறார்கள் என்பது போன்ற தவிர்க்கமுடியாத நிலைமையில் மட்டும் இடம் மாற்றலாம். அதையும் கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவதாகச் செய்யக் கூடாது. பூனைகளைப் பொறுப்பேற்றுக்கொள்ள ஆள் இருக்கும் இடமாகப் பார்த்து, அங்கே பெரிய கூண்டிலோ அறையிலோ இரண்டு மூன்று வாரம் வைத்துச் சோறு போட்டு, அந்த இடத்துச் சத்தமும் வாசனையும் பழகிய பிறகே திறந்துவிடவேண்டும்.

இன்னொன்று. 30ல் 10க்கு மட்டும் செய்துவிட்டுப் பணம் தீர்ந்தது என்று நிறுத்தினால் பலன் தெரியாது. பத்தில் ஏழுக்குக் குறையாமல் செய்தால்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். அதனால் கூடுமானவரை ஒரே மூச்சில் செய்யுங்கள். பிறகு சோறு வைக்க ஒரு நேரம், ஓர் இடம், ஒரு பொறுப்பாளர் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நேரத்துக்குச் சோறு வைத்து மிச்சத்தை எடுத்துவிட்டால் எலியும் வராது, வாசனையும் வராது, குறை சொல்கிறவர்களின் வாயும் அடைபடும். பூனையை வெறுக்கிறவர்களோடு சண்டை போடாதீர்கள். அவர்களுக்கும் வேண்டியது பூனை குறையவேண்டும் என்பதுதான். குறைவதற்கு நடந்து பார்த்த வழி இது என்று நியூபரிபோர்ட் கணக்கைக் காட்டுங்கள்.

இனி மற்ற எல்லாருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தானே! நாளைக் காலை நடைப்பயிற்சி போகும்போது உங்கள் தெருவில் எத்தனை பூனை, அவற்றில் எத்தனைக்குக் காது நுனி நறுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இங்கே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் இன்னொரு வரியும் எழுதவேண்டும்: உங்கள் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டதா, இல்லையா? ரோம் நகரத்தின் 21 சதவீதத்தில் பாதிக் கதை நம் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. பதில் எழுதாதவர்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்